சான் தொமேங் அடிமைகளுக்கு விடுதலையை யார் கொடுத்தார்கள்?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பில் பிரெஞ்சுப் புரட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஜூலை 14 நெருங்கினால் புதுச்சேரிப் பக்கத்தில் இப்படி ஒன்று வரும், நானும் வருஷா வருஷம் ஆசையாகப் படிப்பேன். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து லம்பியோன் விளக்கு ஊர்வலம் பார்த்தவள் நான். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு நடந்து வருவது இன்னும் கண்ணில் இருக்கிறது. இந்த முறை மட்டும் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. 1794இல் பிரெஞ்சுக் குடியரசு தன் காலனிகளில் இருந்த அடிமைகளுக்கு விடுதலை வழங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதான், அடுத்த வரியில் கட்டுரை நெப்போலியனுக்குப் போய்விட்டது. அந்த 'வழங்கியது' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம். இடமில்லை என்றால் வெட்டிப் போடுங்கள், ஆனால் தேதிகளை மட்டும் வெட்டிவிடாதீர்கள், என் வழக்கே அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

மூன்று வாரமாக ஹைட்டி புரட்சி பற்றிய ஒரு ஆங்கிலப் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன். ரோமன் ரோலண்ட் நூலகத்தில் எடுத்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு எழுதியது இல்லை, என்னைப் போல தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் படிக்கிற மாதிரி கதையாக எழுதியது. முதல் நாள் ராத்திரி நாற்பது பக்கம் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. காரணம், அதில் வருகிற கரும்பு.

என் அம்மா ஊர் நெல்லிக்குப்பம் பக்கம். கரும்பு வெட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கரும்பின் சோகை இலை கையைக் கிழிக்கும், வியர்வை பட்டு எரியும், வெட்டிய கரும்பு காயக் கூடாது, உடனே ஆலைக்குப் போக வேண்டும், அதனால் சீசனில் ராத்திரி பகல் கிடையாது. இதே வேலையைச் சம்பளம் இல்லாமல், சவுக்குக்குக் கீழே, சாகிறவரைக்கும் செய்வதை நினைத்துப் பாருங்கள். சான் தொமேங் என்பது கரீபியன் கடலில் ஒரு தீவின் மேற்குப் பக்கம், 1697இல் ஒப்பந்தப்படி பிரான்சுக்கு வந்தது, இன்றைய ஹைட்டி. 1789இல் அங்கே அடிமைகள் சுமார் 5 லட்சம் பேர், வெள்ளையர்கள் 30,000 சொச்சம், அதே அளவுக்குக் கிட்டத்தட்ட விடுதலை பெற்ற கலப்பினத்தவரும் கறுப்பர்களும். ஐரோப்பா குடித்த காப்பியில் பாதிக்கு மேல், தின்ற சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கு அந்தச் சின்ன நிலத்திலிருந்து போனது. ஆலை உருளையில் கை மாட்டிக்கொண்டால் ஆளை இழுத்துவிடும் என்று பக்கத்திலேயே கோடாலி வைத்திருப்பார்களாம், கையை வெட்டி எடுப்பதற்கு. பிறப்பைவிடச் சாவு அதிகமாக இருந்ததால் 1780களின் கடைசியில் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல் ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக இறக்கினார்கள். அந்த 5 லட்சத்தில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். இது எனக்குப் புதிய செய்தி. அவர்களில் பலர் ஏற்கெனவே தங்கள் நாட்டில் போர் பார்த்தவர்கள், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவர்கள். பாரிசிலிருந்து ஒரு துண்டறிக்கை வந்துதான் இவர்களுக்குச் சுதந்திரம் என்றால் என்னவென்று தெரிந்தது என்று எழுதுகிறவர்கள், இவர்களில் பலர் ஒரு காலத்தில் தங்கள் நாட்டில் சுதந்திரமாக இருந்தவர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, தேதிக்கு வருகிறேன்.

1789 ஆகஸ்டில் பாரிசில் மனித உரிமைப் பிரகடனம் வருகிறது. எல்லா மனிதரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள் என்று அதன் முதல் பிரிவிலேயே இருக்கிறது. அடிமைகளுக்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஒன்றும் இல்லை. 1791 ஆகஸ்ட் 22 ராத்திரி சான் தொமேங்கின் வடக்குச் சமவெளியில் கரும்புத் தோட்டங்கள் எரியத் தொடங்கின. இரண்டு மாதத்துக்குள் 180 கரும்புத் தோட்டங்கள் அழிந்தன என்று கணக்குச் சொல்கிறார்கள். காய்ந்த சோகை எப்படிப் பற்றும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடக்கப் பட்டாளம் வந்தது, பூக்மான் என்ற தலைவர் அந்த நவம்பரிலேயே கொல்லப்பட்டார், அவர் தலையை நகரத்தில் குத்தி வைத்தார்கள், ஆனால் கலகம் நிற்கவில்லை. 1793இல் ஸ்பெயினும் இங்கிலாந்தும் அந்தக் காலனியைப் பிடிக்க வந்துவிட்டன. பிரான்சின் ஆணையர் சோந்தொனாக்ஸுக்கு வேறு வழி இல்லை, கறுப்பர்கள் பக்கம் நின்றால்தான் காலனி பிழைக்கும். 1793 ஆகஸ்ட் 29 அன்று வடக்கு மாகாணத்தில் அடிமை முறை ஒழிந்தது என்று அவர் அங்கேயே அறிவித்துவிட்டார், பாரிசைக் கேட்கவில்லை. அந்த அறிவிப்புக்குப் பிறகு அங்கிருந்து மூன்று பிரதிநிதிகள் கப்பலேறிப் பாரிஸ் போனார்கள். அதில் ஒருவர் ழான் பப்தீஸ்த் பெல்லே, ஒரு காலத்தில் தானே அடிமையாக இருந்தவர். அவர்கள் சபையில் உட்கார்ந்த மறுநாள், 1794 பிப்ரவரி 4, பாரிஸ் அந்தச் சட்டத்தை நிறைவேற்றியது.

1791, 1793, 1794. இந்த வரிசையில் பாரிஸ் கடைசியில் நிற்கிறது. நடந்து முடிந்ததற்கு முத்திரை குத்தினார்கள். தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தியவள் சொல்கிறேன், முத்திரை குத்துகிறவர் கடிதத்தை எழுதியவர் ஆகமாட்டார்.

இதைச் சொன்னால், எதுவானாலும் சட்டம் சட்டம்தானே, அதற்கும் மதிப்பு உண்டே என்று கேட்பார்கள். என் வீட்டிலேயே கேட்டார்கள். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டம் இன்னொரு கடலில் என்ன ஆனது என்று பாருங்கள். இந்து மகாசமுத்திரத்தில் பிரான்சுக்கு இரண்டு தீவுகள், இன்றைக்கு மொரீசியஸ் ஒன்று, ரெயூனியோன் ஒன்று. 1796இல் இந்தச் சட்டத்தை அமல்படுத்த இரண்டு ஆணையர்கள் பாரிசிலிருந்து மொரீசியஸ் போய் இறங்கினார்கள். தோட்ட முதலாளிகள் சில நாளிலேயே அவர்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் காட்டுக்கு ஓடிப்போய் மறைந்து வாழ்ந்த அடிமைகள் இருந்தார்கள், பயந்தவர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் முதலாளிகளின் கையைப் பிடிக்கிற அளவுக்கு ஒரு பெரும் எழுச்சி அங்கே நடக்கவில்லை. விளைவு, சட்டம் துறைமுகத்தோடு போய்விட்டது. மொரீசியஸில் 1835 வரைக்கும், ரெயூனியோனில் 1848 டிசம்பர் 20 வரைக்கும் அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். ரெயூனியோனில் மட்டும் அன்றைக்கு விடுதலையானவர்கள் 60,000க்கும் மேல். பாரிஸ் 'வழங்கியது' 1794இல். கைக்கு வந்தது 54 வருஷம் கழித்து.

நம் ஊருக்கும் அந்தச் சட்டம் வரவில்லை, ஏனென்றால் 1793 ஆகஸ்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள், 1816 வரை விடவில்லை.

கரீபியனில் பிரான்சுக்கு இருந்த இன்னொரு தீவான குவாதலூப்பில் சட்டம் வந்தது, எட்டு வருஷம் இருந்தது. 1802இல் நெப்போலியன் பட்டாளம் அனுப்பி அங்கே அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தார். லூயி தெல்கிரேஸ் என்ற அதிகாரியும் அவரோடு இருந்தவர்களும் சரணடைய மறுத்து, மத்தூபா என்ற இடத்தில் வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தங்களையே மாய்த்துக்கொண்டார்கள். அந்த வருஷமே சான் தொமேங்குக்கும் 20,000 வீரர்களுக்கு மேல் வந்தார்கள், தலைமை நெப்போலியனின் தங்கை கணவர் லெக்ளேர். அதுவரை சான் தொமேங்கை ஆண்டுவந்த கறுப்பர் தலைவர் தூசேன் லூவர்த்தூரைப் பேச்சுவார்த்தைக்கு என்று வரவழைத்துக் கைது செய்து பிரான்சுக்குக் கொண்டுபோய், ழுரா மலையில் குளிரில் நடுங்கும் கோட்டையில் அடைத்தார்கள், 1803 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். தலைவர் போனால் ஜனங்கள் அடங்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் குவாதலூப்பில் அடிமை முறை திரும்பிவிட்டது என்ற செய்தி வந்ததும் தீவு முழுக்க மறுபடி எழுந்தது. பட்டாளத்தைப் பாதி மஞ்சள் காய்ச்சல் தின்றது, லெக்ளேரும் அதில்தான் செத்தார். 1803 நவம்பர் 18 அன்று வெர்த்தியேர் என்ற இடத்தில் கடைசிச் சண்டை, பிரெஞ்சுப் பட்டாளம் தோற்றது. 1804 ஜனவரி 1 அன்று, தூசேனின் தளபதியாக இருந்த தெசலின் சுதந்திரத்தை அறிவித்தார், நாட்டுக்கு அந்த மண்ணின் பழங்குடிகள் வைத்திருந்த ஹைட்டி என்ற பெயரையே திரும்ப வைத்தார்கள்.

ஒரே சட்டம், மூன்று இடம். ஒரு இடத்தில் வரவே இல்லை, ஒரு இடத்தில் வந்து பிடுங்கப்பட்டது, ஒரு இடத்தில் மட்டும் நிலைத்தது. நிலைத்த இடம் எது என்று பார்த்தபிறகும் 'வழங்கியது' என்று எழுத எனக்குக் கை வராது.

புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தமிழில் நிறையப் பேர் மொழிபெயர்க்கவும் சுருக்கி எழுதவும் தொடங்கியிருக்கிறார்கள், நல்லதுதான். கதையாகச் சொல்கிற வரலாற்றில் ஒரு ஆபத்து இருக்கிறது. எழுச்சிக்குச் சில நாள் முன்னால் பூவா கைமான் என்ற காட்டில் ராத்திரி சத்தியம் செய்தார்கள், இடி மின்னல், மழை, பன்றியைப் பலியிட்டார்கள் என்று ஒரு அத்தியாயமே வருகிறது, எழுதியவர் மரத்தடியில் ஒதுங்கி நின்று பார்த்தது போல. அதை முதலில் எழுதி வைத்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர், அங்கே இல்லாதவர், அச்சில் வந்தது 1814இல். கூடினார்கள் என்பதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து பேசும்போது இது கூத்து என்று உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், புத்தகத்தில் அந்தக் கட்டியங்காரன் இல்லை. எது தெரிந்தது, எது கேள்விப்பட்டது என்று எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எல்லாப் பக்கமும் தூசேனுக்கே போய்விடுகிறது. பெரிய மனிதர், சந்தேகமே இல்லை. அவரைக் கடவுளாக்கினால் மற்றது தெரியாமல் போகும். எழுச்சிக்கு முன்பே விடுதலை பெற்று, அடிமைகள் வேலை செய்த காப்பித் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அவர். ஆட்சிக்கு வந்தபிறகு ஏற்றுமதி வேண்டும், படைக்குப் பணம் வேண்டும் என்று விடுதலையான ஜனங்களைத் திரும்பத் தோட்டத்துக்கே போகச் சொன்னார், பட்டாளத்தை வைத்து. எதிர்த்த தன் வளர்ப்பு மருமகன் மொயீஸைச் சுட்டுக் கொல்லவும் வைத்தார். அந்த ஜனங்கள் கேட்டது ஒரு துண்டு நிலம், அதில் தாங்கள் தின்னப் பயிர் வைப்பது. அவர் கைதான பிறகு தலைவர்கள் பலர் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துவிட்ட மாதங்களில் மலையில் இருந்துகொண்டு சண்டையை அணையவிடாமல் வைத்திருந்தவர்கள் பெயர் தெரியாத இந்த ஜனங்கள்தான். புத்தகத்தில் அவர்களுக்குப் பத்துப் பக்கம்கூட இல்லை.

1804இல் நடந்ததையும் மறைக்கக் கூடாது. தெசலின் உத்தரவுப்படி அங்கே மிஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர்களை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. அதற்கு முந்தின வருஷம் ரோஷாம்போ என்ற பிரெஞ்சுத் தளபதி கறுப்பர்களைக் கூட்டம் கூட்டமாகக் கடலில் மூழ்கடித்ததும் உண்மை, கியூபாவிலிருந்து நாய்களை வரவழைத்து ஏவியதும் உண்மை. எனக்கு அதைச் சொல்லி இதைச் சரிக்கட்ட மனம் வரவில்லை. குழந்தையைக் கொல்வது எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் கொலைதான். அதற்காக எழுச்சியே தப்பு என்று பேசுகிறவர்களிடம், நூறு வருஷம் தினமும் நடந்த கொலையை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்பேன்.

இதெல்லாம் புதுச்சேரிக்காரிக்கு எதற்கு என்று கேட்கலாம். என் அப்பா வீடு முத்தியால்பேட்டை, தாத்தா காலம்வரை தறி இருந்த வீடு. 18ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் நெய்து அவுரியில் சாயம் போட்ட நீலத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் 'கினே'. கினி என்ற ஆப்பிரிக்கக் கரையின் பெயரையே துணிக்கு வைத்திருந்தார்கள், காரணம் அது அங்கேதான் போனது, அங்கே அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. இதைப் படித்த அன்று பரணில் கிடக்கிற தாத்தாவின் தறி நாடாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

துணி மட்டுமா போனது? ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அதில் 1743ஆம் வருஷத்துப் பக்கங்களில், சுற்று வட்டாரத்து ஏழைகளை ஏமாற்றிப் பிடித்துவந்து வீட்டில் அடைத்து வைத்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விஷயமும் இருக்கிறது. அந்தக் கப்பல்கள் போனது மேலே சொன்ன அந்த இரண்டு தீவுகளுக்கு. 1796இல் ஆணையர்களைத் திருப்பி அனுப்பினார்களே, அன்றைக்கு அங்கே அடிமையாகவே நின்றுபோனவர்களில் நம் கரையிலிருந்து போனவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். வெள்ளை நகரத்தில் லபூர்தொனே வீதி வழியாக நடக்கிற யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசித்ததில்லை. அந்தத் தீவுகளுக்கு ஆளுநராக இருந்து கரும்பையும் அடிமை உழைப்பையும் பெருக்கியவர் பெயர் அது.

1848இல் அடிமைகள் விடுதலையானதும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தைக் கரீபியனில் உள்ள பிரெஞ்சுத் தீவான மர்த்தினிக்கில் இறக்கியது, அடுத்த வருஷக் கடைசியில் அதே கப்பல் குவாதலூப்பில். குவாதலூப்புக்கு மட்டும் மொத்தம் 40,000 பேருக்கு மேல் போனார்கள். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு ஒரு அம்மா வந்தார்கள், குவாதலூப்காரர், எழுபது வயசு இருக்கும், கையில் ஒரு பழைய காகிதத்தின் நகல், அதில் கொள்ளுத்தாத்தா பெயரும் ஊரும் பிரெஞ்சு எழுத்தில் சிதைந்து கிடந்தது. எங்களால் ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மாரியம்மன் பெயர் மட்டும் தெரியும், அதையும் 'மலியெமின்' என்றார்கள். மத்தியானம் சாப்பிடச் சொல்லி மீன்குழம்பு ஊற்றினேன், ஒரு வாய் வைத்ததும் 'கொலோம்போ' என்றார்கள். அவர்கள் ஊரில் அதற்கு அந்தப் பெயராம். எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. அந்த அம்மாவின் கொள்ளுத்தாத்தா போய் இறங்கிய மண், தெல்கிரேஸ் தன்னையே எரித்துக்கொண்ட அதே தீவு என்று இந்தப் புத்தகத்தைப் படித்தபிறகுதான் எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு பணக் கணக்கு. 1825இல் பிரான்ஸ் ஹைட்டிக்குப் போர்க்கப்பல்களை அனுப்பி, உன் சுதந்திரத்தை ஏற்க வேண்டுமானால் 15 கோடி பிராங்க் கொடு, பழைய முதலாளிகளுக்கு இழப்பீடு என்றது. 1838இல் அதை 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன், கடனுக்கு வாங்கிய கடன் என்று போய் 1947இல்தான் முடிந்தது. நம் நாடு விடுதலையான அதே வருஷம், ஹைட்டி தன் உடம்புக்கான விலையைக் கட்டி முடித்திருக்கிறது. 'வழங்கினவர்கள்' இப்படி வசூல் பண்ணுவார்களா ஐயா?

உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். அந்த வரியைத் திருத்தி ஒரு சின்னக் குறிப்பாவது போடுங்கள். அப்புறம், ஆகஸ்ட் 23 வருகிறது. 1791இன் அந்த ராத்திரியை நினைத்துத்தான் யுனெஸ்கோ அதை அடிமை வணிகத்தையும் அதன் ஒழிப்பையும் நினைவுகூரும் நாளாக வைத்திருக்கிறது. அன்றைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, சான் தொமேங்கையும் நம் கரையிலிருந்து போனவர்களையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிரெஞ்சுப் பழைய ஆவணங்கள் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே நிறையக் கிடைக்கும். துணியின் கதையை யாராவது எழுதினால் தறி வேலை தொடர்பாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

புத்தகத்தை வரும் வெள்ளிக்கிழமை நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டுரை எழுதியவருக்கு வேண்டுமானால் அதற்கு முன் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். ஓரத்தில் பென்சிலால் தேதிகளைக் குறித்து வைத்திருந்தேன், கொடுக்கும் முன் அழித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி